கப்பல் நிற்கும் ஊரில் எப்படிச் சுற்றுவது: கப்பல் டூரா, நம் சொந்த ஏற்பாடா?

சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு மறுபடியும் சிங்கப்பூரிலேயே இறங்கும் குரூஸ்தான் நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் முதல் குரூஸ். நாங்களும் அதில்தான் போனோம், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. டிக்கெட் போட்ட மறுநாளிலிருந்தே, ஒவ்வொரு ஊரிலும் கப்பல் நிறுவனமே கூட்டிப் போய்க் காட்டும் டூர்களின் பட்டியல் வரத் தொடங்கிவிடும். எதை வாங்குவது, எதை விடுவது என்று குழம்பாதவர்கள் குறைவு. நான் சொந்தமாகச் சுற்றும் கட்சி. ஆனால் எல்லா ஊருக்கும் அது பொருந்தாது.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கப்பல் டூரில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், வெளியே காருக்கு இவ்வளவு. நாலு பேர் போனால் எது மலிவு என்று எல்லோருக்கும் தெரியும். கப்பல் டூரில் வழிகாட்டி உண்டு, ஏசி பஸ் உண்டு, யோசிக்கும் வேலை இல்லை. அதுவும் தெரிந்ததுதான்.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: இறங்கும் துறைமுகத்துக்கும் பார்க்கப் போகும் இடத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நடந்து திரும்பக்கூடிய தூரமா, நெரிசலான நெடுஞ்சாலையா, கடலா? ஏனென்றால் கப்பல் டூரில் போன பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகம் வேறு நாட்டில் இருந்தால் விமான டிக்கெட், விசா, கப்பலிலேயே தங்கிவிட்ட பாஸ்போர்ட் என்று எல்லாமே நம் தலையில் விழும். கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று தனியாக ஒன்று அறிவிப்பார்கள், அது புறப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை முந்தியது.

இந்தக் கணக்கில் போர்ட் கிளாங் கப்பல் டூருக்கான ஊர். குரூஸ் முனையம் இருப்பது இந்தா தீவில். அங்கிருந்து கோலாலம்பூருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முருகன் குகைக் கோயில் இருக்கும் பத்து மலையோ அந்த நகரத்தையும் தாண்டி வடக்கே இருக்கிறது. கப்பல் எட்டு மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க ஒரு மணி, முன்கூட்டியே ஏற ஒரு மணி, சாலையில் மூன்று மணி. மிஞ்சுவது மூன்றே மணி, அதையும் மாலை நெரிசல் தின்றுவிடலாம். அதனால் நாங்கள் கப்பல் டூரையே எடுத்தோம். காலையில் கப்பல் அரங்கில் கூடச் சொல்லி, எண் போட்ட ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிவிட்டு, எண் கூப்பிடும்வரை உட்கார வைத்தார்கள். பத்து மலையில் கொடுத்தது நாற்பது நிமிடம். 272 படிகள். முழங்கால் வலிக்காரியான அம்மா பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குகை வாசலை அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கினாள். இன்னும் இருபது நிமிடம் கிடைத்திருந்தால் மேலே போயிருப்பாள். அதற்கு அடுத்து பஸ் நின்ற சாக்லேட் கடையில் நேரம் தாராளமாகக் கிடைத்தது! எனக்கு அது இன்னும் வருத்தம்தான். ஆனாலும் அந்தச் சாலையை நம்பி சொந்தக் காரில் போகச் சொல்லி உங்களுக்கு யோசனை சொல்ல மாட்டேன்.

பினாங்கு நேர் எதிர். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் விக்டோரியா மணிக்கூண்டு, அதை ஒட்டி கார்ன்வாலிஸ் கோட்டை. கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வரலாற்றோடு சேர்ந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அந்தப் பக்கம் சீனக் கோயில்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் இதுதான். இதைப் பார்க்க பஸ் எதற்கு?

கப்பல் பக்கத்திலேயே இருப்பதன் அருமை மத்தியானம்தான் தெரிந்தது. காலையில் கோயிலுக்குப் போய், பூக்கடைக்காரரிடம் அம்மா தமிழிலேயே விலை பேசி மல்லிகை வாங்கி, வெயில் ஏறியதும் கப்பலுக்கே திரும்பிவிட்டோம். அம்மா கேபினில் படுத்துக்கொண்டாள். நானும் மனைவியும் மறுபடி இறங்கி நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சியூ ஜெட்டி வீடுகள் வரை நடந்தோம். கப்பல் டூரில் போனவர்களுக்கு இது வாய்க்காது. யாராவது ஒருவருக்கு முடியவில்லை என்றாலும் எல்லோரும் பஸ்ஸிலேயே இருக்க வேண்டியதுதான். வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் இந்த ஒன்றுக்காகவே பினாங்கில் டூர் எடுக்காதீர்கள். பினாங்கு மலைக்கும் கெக் லோக் சி கோயிலுக்கும் போக ஆசைப்பட்டால் போன் செயலியில் கூப்பிடும் கிராப் கார் எளிதில் கிடைக்கும். மலை ரயிலில் வரிசை நீளும் என்பதால் அதைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

புக்கெட்டில் கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, டெண்டர் படகில் நம்மைக் கரை சேர்க்கும். டூர் எடுத்தவர்களுக்குப் படகில் முதலிடம், மற்றவர்கள் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்புறம் கடிகாரம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் போன் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். கடைசிப் படகு ஐந்து மணிக்கு என்றால் போனில் அது நாலு. கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதில் கப்பல் நேரத்தை மட்டும் வைத்திருங்கள்.

பாத்தோங் கடற்கரை மட்டும் போதும் என்றால் புக்கெட்டிலும் டூர் வேண்டாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிப்பி தீவு, பாங் நா விரிகுடா என்று மறுபடியும் கடலில் போவதாக இருந்தால் நான் கப்பல் டூரையே சொல்வேன், ஆனால் அது அனுபவித்துச் சொல்வதில்லை, யோசித்துச் சொல்வது. வெளி நிறுவனங்கள் மலிவாகவும் சின்னக் குழுவாகவும் கூட்டிப் போவதாகப் போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களிடம் பதிவு செய்தால், கப்பல் அந்தத் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் பாத்தோங் பக்கம் அலை பெரிதாக இருக்கும், டெண்டர் ஓடாமல் போக வாய்ப்புண்டு. கப்பல் டூர் என்றால் அந்தப் பணம் உங்கள் கப்பல் கணக்கிலேயே திரும்பி வந்துவிடும்.