ஸ்பாம் ஃபில்டரும் 3,000 சதுர அடி ஆட்டுத் தோலும்

இராணிப்பேட்டையில் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றின் கடிதப் போக்குவரத்தை ஒன்பது ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எங்கள் மின்னஞ்சல் சர்வரில் இருப்பது ஸ்பாம்அசாசின் என்னும் இலவச ஃபில்டர். வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பல விதிகளால் சோதித்து, சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பாம் என்று அது முத்திரை குத்திவிடும்.

குப்பையை அகற்றுவதில் அதன்மேல் எனக்குக் குறை இல்லை. சிக்கல் எங்கள் தொழிலில் இருக்கிறது. புதிதாக விலை கேட்கும் வெளிநாட்டு வியாபாரியின் முதல் கடிதம் அச்சு அசலாக ஸ்பாமைப் போலவே இருக்கும்: முன்பின் தெரியாத பெயர், இலவச முகவரி, முழுவதும் பெரிய எழுத்தில் ‘அவசரம்’ என்ற தலைப்பு, உள்ளே இரண்டே வரி. நாம் காட்டும் கடிதங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் பேய்ஸ் என்ற பகுதியும் ஃபில்டரில் உண்டு. ஆனால் 200 நல்ல கடிதங்களையும் 200 குப்பைகளையும் பார்த்த பிறகே அது வேலையைத் தொடங்கும். அத்தனை பொறுமை இல்லாமல், 2019-இல் ஒரு நாள் எரிச்சலில் அந்த 5-ஐ நானே 3-ஆகக் குறைத்தேன். இன்பாக்ஸ் பளிச்சென்று ஆனது. லைனிங்குக்காக 3,000 சதுர அடி ஆட்டுத் தோல் கேட்டு வந்த கடிதமும் 3.4 புள்ளி வாங்கி ஸ்பாமுக்குள் போய்விட்டது. நான் அதைக் கண்டபோது பதினெட்டு நாள் கடந்திருந்தது. அவர் வேறிடத்தில் வாங்கிவிட்டிருந்தார்.

நேர்மாறான அனுபவமும் உண்டு. எங்களுக்கு ரசாயனம் தருபவர்களின் பெயரில், வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. அதன் புள்ளி வெறும் 0.1. முகவரியில் ஆங்கில ‘எம்’ நிற்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி, பார்வைக்கு ‘எம்’ போலவே நின்றன. அனுப்புநரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகளிலும் அது தேறியிருந்தது. ஏனெனில் கடிதம் அந்த டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரின்) அனுமதியோடு வந்ததா என்று அவை பார்க்குமே தவிர, டொமைனை வாங்கியவர் யோக்கியரா என்று பார்ப்பதில்லை. “அண்ணே, நேத்துதான் அவங்ககிட்ட பேசினேன், கணக்கு மாத்தினதா ஒண்ணும் சொல்லலியே” என்று கணக்கு எழுதும் தம்பி கேட்டதால் பணம் தப்பியது. அன்று முதல், பழைய எண்ணுக்குப் போன் செய்து கேட்காமல் புதிய கணக்குக்கு நாங்கள் பணம் அனுப்புவதில்லை.

வரம்பு இப்போது மறுபடி 5. பழைய வாடிக்கையாளர்களை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். புதியவரை முன்கூட்டிச் சேர்க்க வழியில்லாததால், சனிக்கிழமை மாலைகளில் ஸ்பாம் ஃபோல்டரின் தலைப்புகளை ஒரு முறை ஓட்டமாகப் படிக்கிறேன். ஃபில்டர் மிச்சப்படுத்தித் தரும் நேரத்தில் அந்தக் கால் மணியைக் கழித்தாலும் கணக்கு லாபத்தில்தான் நிற்கிறது.