ஷின்ஜுகு இரவுச் சாப்பாட்டுச் சுற்று: காசு வழிகாட்டிக்கு, சாப்பாட்டுக்கு இல்லை

தோக்கியோ படங்களை முகநூலில் போட்டதிலிருந்து மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். ஷின்ஜுகுவில் இருக்கும் கேளிக்கைப் பகுதியான அந்தக் கபுகிச்சோவில் வழிகாட்டியோடு கடைகடையாகப் போய்ச் சாப்பிடும் இரவுச் சுற்று எப்படி, புக் பண்ணலாமா, குடும்பத்தோடு போகலாமா? மாமாக் கடையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். போகலாம். ஆனால் சாப்பாட்டுக்காகப் போகாதீர்கள், கூட வருகிற வழிகாட்டிக்காகப் போங்கள். ஒருவருக்கு 14,000 யென் வாங்கினார்கள், நம் காசுக்கு ஏறக்குறைய 400 வெள்ளி (ரிங்கிட்). நாங்கள் தின்றது குடித்தது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு 5,000 யென்னைத் தாண்டாது. மீதி அத்தனையும் வழிகாட்டியாக வந்த பெண் நடந்த நடைக்கும் பேசிய பேச்சுக்கும்தான். அதற்கு அந்தக் காசு தகும் என்பது என் கட்சி. என் மனைவி இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாலை 6 மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம். மூன்று கடை, இடையில் நடை, நடுவே ஒரு கோயில். இதே பாதையில் நிறைய நிறுவனங்கள் கொடி பிடித்துக்கொண்டு திரிகின்றன, விலையும் அக்கம்பக்கம்தான், அதனால் எந்த நிறுவனம் என்பதைவிட ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வதுதான் முக்கியம். எட்டுப் பேருக்கு மேல் என்றால் வேண்டாம், ஏன் என்று போகப்போகத் தெரியும். இன்னொன்று, ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு 200க்கும் மேல் வாசல்கள், நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேர் வந்துபோகிற இடம். "கிழக்கு வாசலில் சந்திப்போம்" என்று மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்கள். பலகை காட்டிய பக்கமாகவே நடந்தும் எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. முன்கூட்டியே போய்விடுங்கள், தாமதமானால் காத்திருக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

முதல் நிறுத்தம் ஒமோய்தே யோகோச்சோ. நிலையத்தின் மேற்குப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி, எதிரெதிரே இரண்டு ஆள் வந்தால் தோள் இடிக்கிற சந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கே கள்ளச் சந்தை முளைத்திருக்கிறது. மாவுக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில், கட்டுப்பாட்டில் இல்லாத குடலையும் ஈரலையும் குச்சியில் குத்திச் சுட்டு விற்கத் தொடங்கினார்களாம், அந்தப் பழக்கம் இன்றுவரை நிற்கிறது. 1999இல் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்து, மறுபடியும் அதே குறுகலோடு கட்டியிருக்கிறார்கள்.

வழிகாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட வந்த என் சின்னம்மா முழங்கையைப் பிடித்து இழுத்தார். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "தம்பி, ஜப்பான்காரன் காலத்துல எங்க அப்பாவும் அரிசியவே பாக்கலன்னு சொல்லு. மரவள்ளிக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, அதேதான். எங்க பெரியப்பாவ சயாம் ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போனவங்க திருப்பி அனுப்பலன்னும் சொல்லு." எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "வேணாம் சின்னம்மா" என்றேன். "ஏன் வேணாம்? அந்தப் பிள்ளை கதைய நாம கேக்கலையா?" என்றார். சரி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் கையில் இருந்த கொடியை மடக்கிவிட்டு முழுதும் கேட்டார். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் சயாம் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, பள்ளியில் படித்த ஞாபகமும் இல்லை என்றார். மன்னிப்பும் கேட்டார். தன் பாட்டி போர்க்காலத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வெறுத்துப்போய் அப்புறம் சாகும்வரை அதைத் தொடவே இல்லையாம். சின்னம்மா அதற்கு மட்டும் "பாவம்" என்றார். பதினைந்து பேர் வரிசையாக நிற்கிற குழுவில் இந்தப் பேச்சு நடந்திருக்காது, கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தச் சந்தில் கடை என்றால் ஏழெட்டு நாற்காலி, ஒரு பலகை மேசை, அவ்வளவுதான். மேசைக்கு அந்தப் பக்கம் நீளமான கரியடுப்பு. கம்பி வலை கிடையாது. இரண்டு இரும்புச் சட்டங்கள் குச்சியின் இரண்டு முனைகளையும் தாங்கிக்கொள்ள, கறி அந்தரத்தில் வேகிறது. கொழுப்பு கரிமேல் சொட்டும் இடத்தில் குப்பென்று புகை ஏறும், கடைக்காரர் அந்தக் குச்சியை மட்டும் நகர்த்தி வைக்கிறார், ஒரு கையில் விசிறி, மறு கையால் வரிசையாகப் புரட்டல், எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கோழித் தொடைக்கறியும் லீக்ஸ் தண்டும் மாற்றி மாற்றிக் குத்திய நெகிமா, கோழித் தோலை மடித்து மடித்துக் குத்திய காவா, அப்புறம் ஈரல், இதயம். தோல் கருகாமல் மொறுமொறுவென்று வந்ததே, அந்த இரவில் உருப்படியாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான் என்று மனைவியே சொன்னாள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே எதையும் இரண்டு விதமாகக் கேட்கலாம், வெறும் உப்பு, இல்லை என்றால் தாரே என்கிற இனிப்புச் சோயா குழம்பு. கோழி சுடுகிற பல கடைகளில் பன்றியின் உள்ளுறுப்பும் அதே அடுப்பில் வேகிறது, எல்லாக் குச்சியும் அதே தாரே பானையில்தான் முங்கி எழும். பன்றி சேர்க்காதவர்கள் "ஷியோ" என்று சொல்லி உப்புப் போட்டதாகவே கேளுங்கள். அடுப்பும் தனியாக இருக்க வேண்டும் என்பவர்கள் கோழி மட்டுமே சுடுகிற கடையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். கத்தரிக்காய், தோஃபு, சூப் எதை எடுத்தாலும் அடியில் தாஷி இருக்கும், அது பெரும்பாலும் கடற்பாசியோடு காய்ந்த மீனைச் சீவிப்போட்டு இறக்கிய சாறு. சில சமயம் அந்த மீன் சீவலையே மேலேயும் தூவிவிடுவார்கள். புரட்டாசி மாதத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது கடைதான் என் குறை. கபுகிச்சோவுக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கும் இசகாயா, அதாவது குடித்துக்கொண்டே சாப்பிடுகிற கடை. மாட்டிறைச்சியும் பன்றியும் வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே எழுதி, சரி என்று பதிலும் வாங்கியிருந்தோம். உட்கார்ந்ததும் முதலில் வந்த சின்னக் கிண்ணமே மாட்டு நரம்புக் குழம்பு. சின்னம்மா மோந்து பார்த்தே தள்ளி வைத்துவிட்டார். விசாரித்தால் அலுவலகத்திலிருந்து அந்தச் செய்தி வழிகாட்டிக்கு வரவே இல்லை. அவர் தலை குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே அடுப்படிக்கே போய் நின்று, எங்களுக்கு மட்டும் கோழிப் பொரியல், அவித்த பச்சைச் சோயா, சுட்ட மீன் என்று மாற்றி எடுத்து வந்தார். ருசி சுமார்தான். 400 வெள்ளி வாங்குகிற நிறுவனத்துக்கு ஒரு வரியைத் தன் ஆளிடம் சேர்ப்பிக்கத் தெரியவில்லை என்பதுதான் எரிச்சல். பிறகு புகார் எழுதினேன், வருந்துகிறோம் என்று பதில் வந்தது, காசு ஒன்றும் திரும்பவில்லை. நீங்கள் போனால் சந்தித்த கையோடு வழிகாட்டியிடம் நேரிலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

அந்தச் சின்னக் கிண்ணத்தைப் பற்றி இன்னொன்று. சுற்றோடு போனால் தெரியாது, தனியாக ஒரு இசகாயாவுக்குப் போனால் நாம் கேட்காமலேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, ஆளுக்கு 300, 400 யென் பில்லில் ஏற்றுவார்கள். ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம். சண்டை போடாதீர்கள். டிப்ஸ் மட்டும் யாருக்கும் வைக்க வேண்டாம், பின்னாலேயே ஓடி வந்து திருப்பித் தருவார்கள்.

கபுகிச்சோ தெருவில் பார்ப்பதற்குக் குறைவில்லை. போரில் குண்டு விழுந்து எரிந்த பகுதியை மறுபடி கட்டும்போது இங்கே ஒரு கபுகி நாடக அரங்கு கொண்டுவருவதாகத் திட்டம் போட்டு 1948இல் பெயரையும் வைத்துவிட்டார்கள், அரங்கு கடைசிவரை வரவே இல்லை. 1948 என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும், எங்கள் ஊர் எல்பில் தோட்டத்துத் துரையைச் சுட்டதும் மலாயாவில் அவசரகாலம் வந்ததும் அதே ஆண்டு. அதையும் சொல்ல ஆரம்பித்தால் சுற்று விடிந்துதான் முடியும் என்று விட்டுவிட்டேன். தோஹோ கட்டடத்துக்கு மேலே 2015இல் வைத்த காட்ஸில்லா தலை, இரவு 8 மணிவரை மணிக்கு ஒரு தடவை உறுமும். அந்தக் கடைசி உறுமலுக்கு நேரம் பார்த்து எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். 2023இல் திறந்த 48 மாடிக் கோபுரத்தை வெளியே இருந்தே பார்த்ததோடு சரி, உள்ளே ஒன்றும் பெரிதாக இழக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தெரு முழுக்க, தலைமுடியை ஏற்றிச் சீவிய பையன்களின் முகம் கட்டட உயரத்துக்கு ஒளிர்கிறது. "யாருப்பா இவனுங்க, நடிகருங்களா?" என்று சின்னம்மா கேட்டார். பெண்கள் காசு கொடுத்து இவர்களோடு உட்கார்ந்து பேசிக் குடிப்பார்கள் என்று வழிகாட்டி பக்குவமாகச் சொன்னதை நான் இன்னும் பக்குவமாக மொழிபெயர்த்தேன், மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒலிபெருக்கியில், ஆள் பிடிப்பவர்கள் பின்னால் போகாதீர்கள், பில்லில் கொள்ளையடிப்பார்கள் என்று அறிவிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு நேர் கீழேயே ஆள் பிடிக்கிறார்கள்! கொடியோடு ஒரு வழிகாட்டி முன்னால் நடந்தால் அவர்கள் கிட்டே வருவதில்லை. தனியாகப் போனால் எத்தனை மலிவு சொன்னாலும் பதில் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

வழியில் ஹானாசோனோ கோயில், சிவப்பு வாசல், சாலைச் சத்தம் பாதி குறைந்த இடம். நவம்பரில் வியாபாரம் செழிக்க இலை வாருகிற மூங்கில் வாரி விற்கும் திருவிழா இங்கே நடக்குமாம். ஐந்து நிமிடத்தில் கிளப்பிவிட்டார்கள், இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

கடைசியாகக் கோல்டன் காய், கொடுத்த காசு எனக்குத் திரும்பி வந்தது இங்கேதான். ஆறு சந்து, 200க்கும் மேற்பட்ட மதுக்கடைகள், பலவற்றில் ஆறேழு பேர் உட்கார்ந்தால் இடம் முடிந்தது. 1958இல் விபசாரத் தடைச் சட்டம் இறுகும்வரை இங்கே நடந்தது வேறு தொழில். 1980களில் நில விலை தாறுமாறாக ஏறி, காலி பண்ண வைக்க தோக்கியோவில் கட்டடங்களுக்குத் தீ வைத்த காலத்தில், இந்த இடத்தை நேசித்தவர்கள் முறை போட்டு இரவுக் காவல் இருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். தனியாக வந்திருந்தால் நான் எந்தக் கதவையும் திறந்திருக்க மாட்டேன். சில கதவுகளில் வழக்கமாக வருகிறவர்களுக்கு மட்டும் என்றே எழுதியிருக்கிறது, பலவற்றில் உட்காரவே 500, 1,000 யென் தனிக் கட்டணம், பாதிக் கடைகள் ஏணி மாதிரிச் செங்குத்துப் படியேறி மாடியில். சின்னம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு வழிகாட்டி இரண்டு இடத்துக்குப் போன் அடித்துக் கீழ்த்தளத்தில் ஒரு கடையில் இடம் பிடித்தார்.

உள்ளே சிகரெட் வாசம் உண்டு, சிறிய மதுக்கடைகள் சிலவற்றில் இன்னமும் அனுமதி இருக்கிறது, ஆஸ்துமாக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கடைக்கார அம்மா எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்து, பக்கத்தில் இருந்த பெரியவரை நகரச் சொல்லி உட்கார வைத்தார். எனக்கு விஸ்கியும் சோடாவும், மனைவிக்கு ஆரஞ்சு, சின்னம்மாவுக்கு ஊலாங் தேநீர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்துக் கள்ளுக்கடையேதான், பெஞ்சுக்குப் பதிலா நாற்காலி போட்டிருக்காங்க" என்றார் சின்னம்மா. அதை வழிகாட்டி ஜப்பானிய மொழியில் எடுத்துவிட, பக்கத்துப் பெரியவர் கள் என்றால் என்ன, எந்த மரம், எப்போது இறக்குவீர்கள் என்று ஆரம்பித்து, சுற்று முடிகிற நேரம் தாண்டியும் விடவில்லை. அந்தப் பெண்ணும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

குடும்பத்தோடு போகலாமா என்றால், வளர்ந்த பிள்ளைகள் என்றால் தாராளமாக. அங்கே குடிக்கும் வயது 20, அதற்குக் கீழே என்றால் கோலாதான், அதற்கும் விலை குறைக்க மாட்டார்கள். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு இந்தச் சந்துகளில் நுழையவே முடியாது. தோக்கியோவில் முதல் இரவோ இரண்டாம் இரவோ இந்தச் சுற்றை வைத்துக்கொண்டால், எங்கே எப்படி உட்காருவது என்று பிடிபட்டுவிடும், மீதி நாட்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வெள்ளி, சனி வேண்டாம், உட்கார இடம் கிடைக்காது. சந்துகளுக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்கவும் கூடாது, பலகையே வைத்திருக்கிறார்கள். சுற்று முடிந்த பிறகும் தங்கிக் குடிப்பதாக இருந்தால் நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள், டாக்சிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை 20 விழுக்காடு கூடுதல்.