மாரிக்கால வாசிப்பு: மின்தாள் வாசிப்பானும் எங்கள் வட்ஸ்அப் குழுவும்

சில வருடங்களாக மின்தாள் வாசிப்பான் (மின்நூல் வாசிக்கும் e-reader கருவி) ஒன்றைப் பாவித்து வருகிறேன். கோடையில் அது பெரும்பாலும் மேசை லாச்சிக்குள் கிடக்கும். ஐப்பசியில் மழை பிடித்ததும் கைக்கு வந்துவிடும். மாசிப் பனி விலகும்வரை கைவிட்டு இறங்காது. யாழ்ப்பாணத்தின் வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆறு மணிக்கே இருட்டிவிடும், ஒழுங்கை முழுக்கச் சேறு, வெளியே போகவும் ஒரு தேவை இருக்காது. கவிதை வாசிக்க இதைவிட நல்ல காலம் எனக்குத் தெரியாது. இப்படியான கருவி ஒன்றை வாங்க யோசிப்பவர்களுக்கும், தனியே வாசித்து அலுத்தவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 6 அங்குலத் திரை. எந்த நிறுவனத்தினுடையது என்பது முக்கியமில்லை, இந்த அளவில் வருபவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வேலை செய்கின்றன. மின்தாள் பக்கம் மாறும்போதுதான் மின்சாரத்தை இழுக்கும். ஒரே பக்கத்தை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாலும் திரைக்கென்று பற்றரி குறைவதில்லை. கவிதை வாசிப்பவருக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் நாங்கள் ஒரு பக்கத்தில் நெடுநேரம் நிற்பவர்கள். வெளிச்சமும் போன் திரைபோலப் பின்னாலிருந்து கண்ணில் அடிக்காது. ஓரத்திலிருந்து தாளின் மேல் படரும். 2022இல் சில நாட்களில் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்தக் காலத்தில் போனில் இருந்த சார்ஜைப் பேசுவதற்கு வைத்துக்கொண்டு, இரவு முழுக்க நுளம்பு வலைக்குள் இதில்தான் வாசித்தேன்.

கடதாசிப் புத்தகத்தை நான் விட்டுவிடவில்லை. ஆனால் மாரியில் அது படும் பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். அலுமாரியைத் திறந்தாலே பூஞ்சண மணம், அட்டை நெளிந்து நிற்கும், சுவரோரமாய் வைத்த அடுக்கில் கறையான் ஏறிவிடும். அம்மப்பாவின் பழைய புத்தகங்களை மாரியில் நான் கையால் தொடுவதில்லை. அவற்றை வெயில் வந்தபிறகுதான் எடுக்க வேண்டும்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுபவர்கள் நாவலை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். நாவலில் வரி எங்கே மடிந்தாலும் பரவாயில்லை. கவிதையில் அப்படியில்லை. குறுந்தொகைப் பாட்டொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும், முழுப்பாட்டும் ஒரு திரையில் அடங்கும், இந்தக் கருவிக்கென்றே பாடிவைத்ததுபோல இருக்கும். அடிக்கு நான்கு சீர், கடைசிக்கு முதலடியில் மட்டும் மூன்று சீர். அந்த ஒரு சீர் குறையும் இடத்தில் ஓசை சற்றே நின்று, பிறகு பாட்டு முடியும். எழுத்தைப் பெரிதாக்கினால் நான்காவது சீர் கீழே விழுந்து தனி வரியாகிவிடுகிறது. அதன்பிறகு எது அடி, எது மடிந்த துண்டு என்று கண்ணுக்குப் பிடிபடாது. மூன்று சீரடியும் தொலைந்துவிடும். எதுகை, மோனை பார்ப்பதற்கும் வழியில்லை.

இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, ஓர இடைவெளியை ஆகக் குறைத்து, எழுத்தை நான்கு சீரும் ஒரே வரியில் நிற்கும் அளவுக்கு மட்டும் பெரிதாக்குவேன். இரு பக்கச் சீரமைப்பை (justify) நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சொற்களுக்கு இடையில் ஓட்டை ஓட்டையாக வெளி விழும். அளவெட்டிக் கவிஞர் மஹாகவி (1927–1971) தமிழில் எழுதிக்காட்டிய குறும்பா வடிவத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஐந்தடிக்குள் அடிகளின் முடிவில் விழும் இயைபுதான் அதன் உயிர். வரி கண்ட இடத்தில் மடிந்தால் அது வெறும் வசனமாகிவிடும். வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரு தமிழ்ப் பாட்டைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தோடு சரியாகச் சேர்ந்து நிற்கின்றனவா, எழுத்துருவை மாற்ற இடம் தருகிறதா என்று பார்த்தபிறகு காசைக் கொடுங்கள்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? பழந்தமிழ் இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் ஒன்றே போதும். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து இணையத்தில் ஏற்றியவை. தட்டச்சான எழுத்து என்பதால் எவ்வளவும் பெரிதாக்கலாம், தேடலாம். எங்கள் ஊர் எழுத்து வேண்டுமென்றால் நூலகம் திட்டம். 2005இல் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் வரை வருடி (ஸ்கான் செய்து) வைத்திருக்கிறார்கள். 1981இல் எங்கள் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அந்த ஊரில் இருந்துகொண்டு, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகையின் பழைய இதழ் ஒன்றை மழை இரவில் ஒரு சதமும் கொடுக்காமல் திறக்கும்போது, இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஒவ்வொரு மாரியிலும் எனக்கு அப்படித்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருடப்பட்ட பக்கம் என்பது படம். 6 அங்குலத் திரையில் சஞ்சிகைப் பக்கம் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு மூலையாக நகர்த்தி வாசிக்க வேண்டும், மின்தாளோ மெதுவாகத்தான் மாறும். சஞ்சிகைகளை நான் 10 அங்குல ரப்லற்றில் வாசிக்கிறேன். பழைய இதழ்களே உங்கள் முதல் விருப்பம் என்றால் மின்தாள் கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அகராதியும் ஒரு சிக்கல். சொல்லின் மேல் விரலை வைத்தால் பொருள் வரும் என்கிறார்கள். ஆங்கிலத்துக்கு வருகிறது. சங்கப் பாட்டில் சொற்கள் புணர்ந்தும் விகுதி ஏறியும் நிற்பதால் அப்படியே தேடினால் ஒன்றும் கிடைக்காது. நாங்கள்தான் பிரித்து, வேரைக் கண்டுபிடித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை இணையத்தில் திறந்து பார்க்க வேண்டும். இந்த வேலையைத் தனியாகச் செய்தால் நாலு பாட்டுக்குள் களைத்துவிடுவோம். குழு தேவைப்பட்டது அதனால்தான்.

எங்கள் குழு சிறியது. கரவெட்டியில் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிமார், ஒஸ்லோவில் ஒரு அக்கா, ரொறொன்ரோவில் ஒரு அண்ணா, லண்டனில் சிலர். கிழமைக்கு ஒருமுறை சூமில் கூடுவோம். இங்கே இரவு ஏழரை என்றால், மாரிக்காலக் கணக்கில் ரொறொன்ரோவில் காலை ஒன்பது, லண்டனில் பகல் இரண்டு, ஒஸ்லோவில் மூன்று மணி. மார்கழியில் அந்த மூன்று மணிக்கே ஒஸ்லோ அக்காவின் யன்னலுக்கு வெளியே பொழுது சரிந்துகொண்டிருக்கும். இலவசக் கணக்கில் சூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். அது எங்களுக்கு நல்லதாகவே போயிற்று. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு அல்லது பத்துப் பன்னிரண்டு அடி, அதற்கு மேல் போவதில்லை. மற்ற நாட்களில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு. யாராவது ஒருவர் அடிகளை வாசித்து அனுப்ப, அடுத்தவர் சொல் பிரித்து எழுதுவார்.

போன மாரியில் நெடுநல்வாடையை எடுத்தோம். பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடி. வாடைக்காலத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த பாட்டு வேறு இருக்குமா தெரியவில்லை. வெள்ளத்துக்கு ஒதுங்கி மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போன இடையர்கள் நெருப்பில் கை காய்ச்சிக்கொண்டு நடுங்குகிறார்கள். விலங்குகள் மேய மறக்கின்றன, குரங்குகள் கூனிப்போகின்றன, பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைக்கிறது. நகரத்துக்குள் வந்தால் விசிறி சும்மா தொங்குகிறது, சந்தனக் கல் பாவிப்பார் இல்லாமல் கிடக்கிறது. ரொறொன்ரோ அண்ணா பனிக்குள் வேலைக்குப் போய்வருகிறவர். "இதுதான் குளிர் என்றால் எங்கட குளிருக்கு நக்கீரர் என்ன பாடியிருப்பார்?" என்று கேட்டார். உடனே ரீச்சர், "தம்பி, குளிர் எவ்வளவு என்று அவர் அளக்கேல்லை. குளிர் வந்தால் யார் யாருக்கு என்ன நடக்குது என்றுதான் பார்த்தவர்" என்றார். அதன்பிறகு நாங்கள் அந்தப் பாட்டை வாசித்த விதமே மாறியது.

பாட்டின் கடைசிப் பகுதியில் அரசன் நள்ளிரவில் பாசறைக்குள் நடந்துபோய்ப் புண்பட்ட வீரர்களைப் பார்க்கிறான். வாடை அடிக்கும்போதெல்லாம் விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்கின்றன. சேணம் கழற்றாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேலே விழுந்த துளிகளை உதறுகின்றன. மேலே பிடித்த குடை தூறலை மறைக்கிறது. அந்த அடிகளுக்கு எங்களுக்கு மூன்று கிழமை பிடித்தது. போரும் மாரியும் சேர்ந்து வந்த வருடங்களை இங்கே பார்த்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் பேசினார்கள், நாங்கள் இளையவர்கள் கேட்டோம். தனியே கருவியோடு இருந்திருந்தால் எனக்கு அந்த அடிகள் நல்ல வர்ணனை என்ற அளவில் போயிருக்கும்.

குழுவைப் பற்றி இன்னும் இரண்டு சொல். பெரிய முகநூல் குழுக்களிலும் இருந்து பார்த்தேன். நாளுக்கு நூறு கவிதை வரும், ஒன்றும் மனதில் நிற்காது. பாராட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பத்துப் பேருக்குள் இருந்தால் ஒருவர் வராவிட்டாலும் தெரியும், ஒருவருக்கு விளங்காவிட்டாலும் தெரியும். காலை வணக்கப் படங்களும் பகிரப்பட்ட செய்திகளும் உள்ளே வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் நாங்கள் அந்த விதியைத் தளர்த்துவோம்.

மார்கழியில் திருவெம்பாவை நாட்கள் வந்தால் எங்கள் அட்டவணை மாறிவிடும். பத்து நாளும் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகப் பாடிக்கொண்டு வீதியால் வருவார்கள், பிறகு கோயிலில் பூசை. ரீச்சர் போனில் அதைப் பதிவு செய்து அனுப்ப, இரவு விழித்திருக்கும் ரொறொன்ரோ அண்ணா கையில் பாட்டோடு கேட்டுக்கொண்டிருப்பார். இருபது பாட்டும் அவருக்குச் சின்ன வயதில் மனப்பாடம், இப்போது இடையில் சில அடி விடுபடுகிறதாம். அதற்கு அவரும் ஒரு வாசிப்பான் வாங்கிவிட்டார்.

இன்று இருக்கும் கவிஞர்களின் தொகுப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். யாரோ வருடி அனுப்பிய பிடிஎஃப் கைக்கு வந்தால் குழுவில் போடாதீர்கள். எங்கள் கவிஞர்களில் பலர் கைக்காசில் அச்சடிப்பவர்கள், முந்நூறு பிரதி விற்கவே வருடக்கணக்காகும். மின்நூல் விலைக்கு இருந்தால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் அச்சுப் பிரதியை வாங்கி ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். எழுதியவரே இலவசமாக விட்டிருந்தால் மட்டும் கோப்பைப் பகிரலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் படைப்பாக்கப் பொதும உரிமத்தோடு அப்படிப் பல நூல்கள் இருக்கின்றன, வாசிப்பானுக்கு ஏற்ற இபப் வடிவத்திலும் கிடைக்கின்றன.

வருகிற ஐப்பசிக்கு ஈழத்துப் பூதன்தேவனாரின் பாட்டுகளை எடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை மூன்றிலுமாக அவர் பெயரில் ஏழு இருக்கின்றன. ஏழையும் மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்து ஒரே கோப்பாக்கும் வேலையைத் தம்பிமார் ஏற்றிருக்கிறார்கள். அடி மடியாமல் 6 அங்குலத் திரையில் நிற்கும்படி எழுத்தளவைப் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு.