டவுன்லோடுக்கு ஐந்து ஸ்டார், அப்லோடுக்கு இரண்டு

ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் கேபிள் இன்டர்நெட், அதாவது டிவிக்கு வரும் அதே கோஆக்ஸ் கேபிளில் வருவது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் பிளானில் சொன்ன வேகம் குறையாமல் வருகிறது. அதற்கு ஐந்து ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வகுப்பில் பிள்ளைகள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும், நான் பேசுவது அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போகும். "மிஸ், நீங்க ஃப்ரீஸ் ஆயிட்டீங்க" என்று சாட்டில் வந்து விழும்.

ஒரு பக்கம் மட்டும் கெடுகிறது என்பதுதான் இதில் துப்பு. கஸ்டமர் கேரில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. "ஸ்பீடு நல்லாதான் வருது மேடம், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று ஒரே பாட்டு. ஸ்பீடு டெஸ்ட் ஓடுவதே அரை நிமிடம். விட்டுவிட்டு அறுபடும் லைன் அதற்குள் சிக்கினால்தான் உண்டு. அடுத்து வைஃபை மேல் பழி. லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து, ஒரு விண்டோவில் ரூட்டருக்கும் இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கும் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) ஓடவிட்டேன். வெளியே போகும் பிங் செத்துக் கிடந்த நேரத்திலும் ரூட்டர் அசராமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வைஃபை வழக்கு அதோடு தள்ளுபடி.

இந்தச் சேவையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் எங்கும் விளம்பரப்படுத்தாத ஒரு பக்கம். பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் பெரும்பாலான கேபிள் மோடங்கள் தங்கள் சிக்னல் கணக்கைத் திறந்து காட்டும். டவுன்ஸ்ட்ரீம் பவர், அதாவது மோடத்துக்கு வந்து சேரும் சிக்னலின் பலம், மைனஸ் 7க்கும் பிளஸ் 7 டிபிஎம்விக்கும் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) நடுவில் இருந்தால் நிம்மதி. என் மோடத்தில் மைனஸ் 9. கொஞ்சம் மெலிவுதான், ஆனாலும் எஸ்.என்.ஆர். (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்ற கணக்கு) 36 டெசிபல் இருந்ததால் டவுன்லோடுக்குப் பாதகமில்லை. மோடம் வெளியே அனுப்பும் அப்ஸ்ட்ரீம் பவரைப் பார்த்தால் 51! மோடம் சொல்வது எதிர்முனைக்குச் சன்னமாகக் கேட்டால் "இன்னும் சத்தமாகச் சொல்" என்று அங்கிருந்து உத்தரவு வரும். மோடம் பவரை ஏற்றும். 35 முதல் 49 வரை சாதாரணப் பேச்சு என்றால், 51 தொண்டை கிழியக் கத்துவது. சிக்னல் இன்னும் கொஞ்சம் குறைந்தால் ஈடுகட்ட அதனிடம் மிச்சக் குரல் இல்லை.

மோடத்தின் லாகில், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவில், டி3 டைம்-அவுட் வரிசை கட்டி நின்றது. மோடம் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். நடுநடுவே டி4, அது வந்தால் மோடம் இணைப்பையே முதலிலிருந்து தொடங்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: மோடத்தை ரீஸ்டார்ட் செய்தால் பிழை எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். அவர்கள் ஆஃப் பண்ணச் சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

51 என்ற எண்ணையும் டி3 என்ற பெயரையும் போனில் சொன்னதும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. டெக்னீஷியன் வந்தார். ரூட்டர் பக்கமே திரும்பாமல், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு நேராகப் போனார். அங்கே முன்பு குடியிருந்தவர்கள் நாலு டிவிக்காகப் போட்ட ஸ்பிளிட்டர், ஒரு கேபிளை நாலாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி. அதில் என் மோடம் மட்டும் தொங்குகிறது, மற்ற மூன்று வாயும் மூடியில்லாமல் கிடக்கின்றன. நாலு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு வாயிலும் ஏறத்தாழ 7 டெசிபல் தின்றுவிடும், வரும்போதும் போகும்போதும். திறந்து கிடக்கும் வாய் வழியே வெளி இரைச்சலும் உள்ளே புகும். அதைக் கழற்றி நேராக இணைத்தார். வெளிச்சுவரில் இருந்த கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாகக் கம்ப்ரெஷன் கனெக்டர் போட்டார். அப்ஸ்ட்ரீம் 44க்கு இறங்கியது, டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 2க்கு வந்தது. டி3 அதற்குப் பிறகு தலைகாட்டவில்லை. அவர் பேசியது குறைவு, மீட்டரைத்தான் அதிகம் பார்த்தார். அவருக்குத் தனியாக ஐந்து ஸ்டார்.

அப்புறம் ஏன் அப்லோடுக்கு இரண்டே ஸ்டார்? சாயங்காலம் ஆனால் பிங்குக்குப் பதில் வரும் நேரம் இன்னும் ஏறுகிறது. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே லைனைப் பங்கு போடுவதால் வரும் நெரிசல் அது, எந்த ஸ்பிளிட்டரைக் கழற்றினாலும் தீராது. அப்லோடுக்குக் கேபிளில் ஒதுக்குகிற இடமும் சின்னது. பல இடங்களில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான், இரைச்சல் அதிகம் சேருவதும் அதே கீழ்ப்பகுதியில். என்னைப் போல வீடியோவில் பேசிப் பிழைப்பவர்களுக்கு ஃபைபர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

டிவிக்கும் சேர்த்து ஸ்பிளிட்டர் தேவைப்படுகிறவர்கள் இரண்டு வழி மட்டும் வாங்குங்கள், மேலே 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். டிஷ் ஆன்டெனாவுக்கானது 950இல் தொடங்கினால் அப்லோடு அதற்குள் நுழையவே நுழையாது.