சிஎச்டிமேன் விமர்சனம்: சிடி கேமுல பாட்டு மட்டும் வரலைன்னா

கேம் ஓடுது, குத்துற சத்தம் கேக்குது, பின்னணிப் பாட்டு மட்டும் காணோம். மெகா சிடி, பிசி எஞ்சின் சிடி, சாட்டர்ன் மாதிரிப் பழைய கேம் பெட்டிகளுக்கு எமுலேட்டர் (அந்தப் பெட்டி மாதிரியே நடிக்கிற மென்பொருள்) ஓட்டுறவங்க மொதல்ல வந்து நிக்கிற எடம் இதுதானுங்க. எமுலேட்டரை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறதுல பெரும்பாலும் புண்ணியமில்லை. தப்பு ஃபைலுல இருக்கும். இதுக்கு மருந்துன்னு எல்லாரும் கைகாட்டுறது சிஎச்டிமேன் (chdman), சிடி கேம் ஃபைலுகளைச் சுருக்குற கருவி. நல்ல கருவிதான், ஆனா மருந்து இல்லை.

மேம் (MAME)ங்கிற எமுலேட்டரோட விண்டோஸ் பொட்டலத்துக்குள்ள இது இலவசமா வருது. உபுண்டுவுல மேம்-டூல்ஸ்னு தனியாப் போட்டுக்கலாம். டிஸ்க்குல இருந்ததை அப்படியே வெச்சிருக்குற இருபது பின் (bin) ஃபைலும், எந்த டிராக் எங்கன்னு சொல்ற ஒரு க்யூ (cue) ஃபைலும் கெடக்குற ஃபோல்டரை ஒரே சிஎச்டி ஃபைலாச் சுருக்கிக் குடுக்கும். ஆடியோவுக்கு ஃபிளாக், டேட்டாவுக்கு எல்சட்எம்ஏ மாதிரிச் சுருக்குற முறைகள், ரெண்டுலயும் தரம் துளி கொறையாது. எக்ஸ்ட்ராக்ட்சிடி கட்டளை குடுத்தா மறுபடி பின், க்யூவாப் பிரிச்சுக்கலாம். பாட்டு நெறைய இருக்குற டிஸ்க்கு அவ்வளவாச் சுருங்காதுங்க, அதை எதிர்பாக்காதீங்க.

ஐஎஸ்ஓ ஃபைலை வெச்சுக்கிட்டுப் பாட்டுத் தேடுறவங்களுக்கு ஒரு கணக்கு. சிடியில ஒரு செக்டார், அதாவது ஒரு துண்டு, 2352 பைட்டு. டேட்டா செக்டாருல 2048 பைட்டு மட்டும் நமக்கு, மிச்சம் செக்டாரை அடையாளம் காண, பிழை திருத்த. ஆடியோ செக்டாருல 2352-ம் பாட்டுதான்: 588 ஸ்டீரியோ சாம்பிள், நொடிக்கு 75 செக்டாரு, ஆக நொடிக்கு 44,100 சாம்பிள். ஐஎஸ்ஓ 2048-ஐ மட்டும் எடுத்து வெக்கிற பெட்டி. அதுல ஆடியோ டிராக்குக்கு எடமே கெடையாது. பிளேஸ்டேஷனுல பல கேமு ஐஎஸ்ஓவிலயும் பாடுதேன்னு கேப்பீங்க. அந்தப் பாட்டெல்லாம் டேட்டா டிராக்குக்குள்ளயே இருக்குறது, அதனால தப்பிச்சுக்குது.

திருப்பூர்க்காரங்களுக்குப் புரியற மாதிரிச் சொன்னா, பின் ஃபைல் துணி ரோலு, க்யூ ஃபைல் கட்டிங் மாஸ்டரோட மார்க்கு. மார்க்கு தப்பாயிருந்தா கத்தி எவ்வளவு கூரா இருந்து என்னங்க? சிஎச்டிமேன் அந்தக் கத்தி. தப்பான க்யூவைக் குடுத்தா அந்தத் தப்பையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிப்போடும். பொறவு அதோட வெரிஃபை கட்டளையைப் போட்டாலும் சரின்னுதான் சொல்லும். சுருக்குனது சிதையாம இருக்கான்னு பாக்குறதுதான் அதோட சோலி, டிஸ்க்குல இருந்தது வந்துச்சான்னு அதுக்குத் தெரியாது.

அதனால க்யூவை நோட்பேடுல தெறந்து பாத்துருங்க. பொதுவா மொதல் டிராக்கு டேட்டா, அடுத்து டிராக் 02 ஆடியோன்னு வரி இருக்கணும். பிசி எஞ்சின் சிடியில மட்டும் தலைகீழு. மொதல் டிராக்கு எச்சரிக்கைக் குரல், டேட்டா ரெண்டாவதுல இருக்கும். இது தெரியாம மொதல் டிராக்கை டேட்டான்னு மாத்தி எழுதுனா கேமே தொறக்காது. ஃபைல் பேரு க்யூவுல பெரிய எழுத்து, ஃபோல்டருல சின்ன எழுத்துன்னு இருந்தா விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸுல மாட்டிக்கும்.

ஆகப் பெரிய வில்லங்கம் ப்ரீகேப், அதாவது டிராக்குக்கு முன்னாடி வர்ற மௌனம். 2 நொடி மௌனம் பின் ஃபைலுக்குள்ளயே இருந்தா இண்டெக்ஸ் 00-ன்னு குறிக்கணும். ஃபைலுல இல்லைன்னாத்தான் ப்ரீகேப் 00:02:00. உள்ள இருக்குற மௌனத்துக்கு ப்ரீகேப்பும் போட்டுட்டா ஒவ்வொரு டிராக்குக்கும் 150 செக்டாரு தள்ளிக்கிட்டே போகும். டிராக் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுற கேமுல பாட்டு 2 நொடி பிந்தும், அவ்வளவுதான். செக்டார் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுற கேமுல, நாலஞ்சு டிராக் தாண்டுனா முந்தின பாட்டோட வாலு கேக்கும்.

எம்பி3 வெச்ச க்யூவை சிஎச்டிமேன் ஏத்துக்காது. 44,100, 16 பிட், ஸ்டீரியோ வேவ் (wav) ஃபைலா மாத்திக் குடுக்கலாம். ஆனா எம்பி3 ஆக்கும்போதே தலைப்பக்கம் சித்தெ மௌனம் ஒட்டிக்கும், சுத்திச் சுத்தி வர்ற பாட்டுல அது உறுத்தும். டிஸ்க்கு கையில இருந்தா மறுபடி எடுக்குறதுதான் நல்லது. காந்திபுரத்துல வாங்குற சாதாரண யூஎஸ்பி டிவிடி டிரைவே போதுமுங்க. லினக்ஸுல சிடிஆர்டிஏஓ (cdrdao)ங்கிற கருவியை வெச்சு எடுத்தா பாட்டுக்குப் பதிலா "கர்ர்ர்"னு இரைச்சல் வரலாம். பைட்டு வரிசை மாறிக் கெடக்குது, அதுதான் காரணம். கட்டளையில டிரைவர் பேருக்குப் பின்னாடி 0எக்ஸ்20000 (0x20000) சேர்த்து எடுத்தாச் சரியாயிரும்.

கருவியில எனக்கு ரொம்பப் புடிச்சது இன்ஃபோ கட்டளை. சிஎச்டியைக் குடுத்தா டிராக் வாரியா வகை, ஃபிரேம் (அதாவது செக்டார்) எண்ணிக்கை எல்லாம் வரிசையாக் கொட்டும். ஆடியோ, ஃபிரேம்ஸ் 13500-ன்னு இருந்தா 75-ஆல வகுங்க: 180 நொடி, மூணு நிமிசப் பாட்டு. ஒரே ஒரு டிராக்குதான் காட்டுதுன்னா பாட்டு உள்ளயே வரலை, அமைப்புல தேடி நேரத்தைப் போக்காதீங்க.

டிராக்கெல்லாம் இருந்தும் சத்தம் இல்லைன்னாத்தான் எமுலேட்டர் பக்கம் போகணும். பீட்டில் பிசிஇ ஃபாஸ்ட், ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் ரெண்டுலயும் சிடி ஆடியோவுக்குத் தனி வால்யூம் உண்டு, டக்ஸ்டேஷனுல சிடி ஆடியோவை மட்டும் ஊமையாக்குற டிக்கு இருக்கு. தெரியாமத் தட்டியிருப்பாங்க.

கொறைன்னு சொன்னா, பட்டன் ஒண்ணும் கெடையாது, கறுப்புத் திரையில கட்டளை அடிக்கணும். ஃபைல் பேருல எடைவெளி இருந்தா மேற்கோள் குறி போட மறந்துறாதீங்க. 5-க்கு 4 குடுக்கலாம்.

சிஎச்டி ஆனதும் பின், க்யூவை ஒடனே அழிச்சுப்போடாதீங்க. கேமுல சவுண்ட் டெஸ்ட் இருந்தா அதுல போயி கடைசி டிராக்கைப் போட்டுக் கேட்டுட்டு, அப்பறம் அழிங்க.