மைண்ட் யுவர் லாங்குவேஜா, ஜபான் சம்பால்கேயா: எந்த வகுப்பில் உட்காரலாம்?

கீழக்கரையிலிருந்து மண்டபம், ராமேசுவரம் வரை எனக்குத் தெரிந்த வீடுகளில் மொழி வகுப்பை வைத்து எடுத்த டிவி நகைச்சுவைத் தொடர்களில் எது நல்லது என்ற பேச்சு வந்தால் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி 1977-ல் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' பக்கம். இன்னொரு கட்சி, அதையே எடுத்து 1993-ல் தூர்தர்ஷன் மெட்ரோவில் இந்தியில் செய்த 'ஜபான் சம்பால்கே' பக்கம். நான் இந்திக் கட்சி. ஆனால் இங்கிலீஷ் கட்சிக்காரர்கள் சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது, அதைச் சொல்லாமல் என் கட்சிக்கு ஓட்டுக் கேட்க எனக்கு மனசில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாக இருக்கலாம், ராமநாதபுரத்துக் கடற்கரையில் இந்தித் தொடருக்கு என்ன ஆள் என்று. இருக்கிறார்கள். சபராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவர் வீடுகளில் ஷார்ஜாவிலும் தம்மாமிலும் பத்துப் பேர் தங்கும் அறையில் இந்தி பழகி வந்தவர்கள் உண்டு. ராமேசுவரத்தில் வடநாட்டு யாத்ரீகர்களிடம் ஆட்டோ வாடகை பேசியே இந்தி கற்றவர்கள் உண்டு, 22 தீர்த்தத்திலும் வாளி போட்டு இறைத்து ஊற்றிக்கொண்டே வாய் ஓயாமல் இந்தி பேசுகிறவர்கள் உண்டு. யாருக்கும் புத்தகம் இல்லை, வாத்தியார் இல்லை. தப்பாகப் பேசி, எதிராளி சிரித்து, அப்புறம் திருத்திக்கொண்ட ஆட்கள். மொழி வகுப்பை வைத்து எடுத்த ஒரு நகைச்சுவைத் தொடரை எடைபோட இவர்களைவிடப் பொருத்தமான பார்வையாளர்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் மூலம். லண்டனில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பு. ஆசிரியர் ஜெரமி பிரவுனாக பேரி எவன்ஸ். தலைமை ஆசிரியை மிஸ் கோர்ட்னிக்கு ஆண் வாத்தியார் என்றாலே ஆகாது, கதவைத் திறந்துகொண்டு எப்போது வருவார் என்று வகுப்பே பயப்படும். பெஞ்சில் இத்தாலிய சமையல்காரர், ஸ்பெயின்காரர், கிரேக்கர், சீனப் பெண், ஜப்பானியர், பஞ்சாபி சீக்கியர் ரஞ்சீத் சிங், லாகூர்க்காரர் அலி நதீம், வகுப்பு நடக்கும்போதே உல்லன் பின்னிக்கொண்டிருக்கும் ஜமீலா. எழுதியவர் வின்ஸ் பாவெல். அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் சிரிப்பு எந்த நொடியில் வெடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. கேள்வி கேட்டதும் ஒருவர் தப்பாகப் பதில் சொல்வார், அதைத் திருத்தப் போய் இன்னொருவர் அதைவிடத் தப்பாகச் சொல்வார், பிரவுன் நெற்றியில் கை வைப்பார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நேரம் பிசகாது.

எங்கள் தெருவில் ஷார்ஜாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்த ஒரு காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்) இருக்கிறார். ரஞ்சீத்தும் அலியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்கொள்ளும் காட்சி வந்தால் அவர் போனை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "எங்க ரூமு இது தம்பி, அப்படியே எங்க ரூமு" என்பார். ஒரு பாகிஸ்தானியும் ஒரு சர்தாரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டதைப் பார்த்தவர் அவர். இந்தி ரீமேக்கைப் போட்டுக் காட்டினால் "இதுல என்ன இருக்கு, எல்லாரும் நம்மூரு ஆளுங்கதானே" என்று கை கழுவிவிடுகிறார். வெளிநாடு போய்ப் பிழைத்தவர்களில் பலர் இதே கட்சிதான், அதற்கு அவர்களுக்கு நியாயமும் இருக்கிறது. ஊர் விட்டுப் போனவனின் தனிமை மூலத்தில் இருக்கிறது.

ரஞ்சீத் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பஞ்சாபி கிடையாது, இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் போய்ச் சேர்ந்த அதே மலைப்பக்கம். இதைச் சொன்னதிலிருந்து காக்காவுக்குத் தொடர் மேல் பாசம் இன்னும் கூடிவிட்டது.

சரி, எனக்கு எங்கே இடிக்கிறது? பிரிட்டனிலேயே இதற்கு எதிர்ப்பு வந்தது. நல்ல கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதே, இது இனங்களைக் கேலிச்சித்திரமாக்குகிறது என்று சொல்லி, தொடரைத் தயாரித்த நிறுவனத்தின் மைக்கேல் கிரேட் 1979-ல் நிறுத்திவிட்டார். நிறுத்தியது சரிதானா என்று இன்றும் சண்டை நடக்கிறது, அதிலும் தொடரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவர்களில் இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் இலங்கைக்காரர்களும் ஏராளம். கேலி செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிற நாட்டுக்காரனே விழுந்து விழுந்து சிரிக்கிறான், அப்புறம் உனக்கு என்ன என்று என்னிடம் கேட்கிறார்கள். என் பதில் இது: நாம் சிரிப்பது ஊரில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. 1977-ல் லண்டனில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த சீக்கியருக்கு, மறுநாள் காலையில் அதே வசனத்தை யாரோ முகத்துக்கு நேராகப் பேசிக்காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அவர் இடத்தில் நின்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. இன்னொன்று, வருஷக்கணக்கில் வகுப்புக்கு வந்தும் யாரும் உருப்படியாகத் தேறுவதே இல்லை. தேறினால் தொடர் முடிந்துவிடும் என்பது புரிகிறது, ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரரின் ஆங்கிலத்தை மட்டுமே கேலி செய்வதற்கு ஒரே விதிவிலக்கு பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் சிட்னி. அசல் லண்டன்காரர். அவர் பேசும் காக்னி ஆங்கிலம் யாருக்கும் விளங்காது. இங்கிலீஷ்காரனின் இங்கிலீஷே இப்படித்தான் என்று காட்டுகிற இடம் அது. அந்தப் பாத்திரத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

இப்போது இந்திக்கு வருவோம். ராஜீவ் மேரா இயக்கியது. பங்கஜ் கபூர்தான் ஆசிரியர் மோகன் பாரதி. இங்கேதான் ரீமேக் மூலத்தைத் தாண்டுகிறது. மோகன் பாரதி இன்ஜினியரிங் படித்தவர், படிப்புக்கு வேலை கிடைக்காமல் இந்தி வாத்தியாராக வந்து மாட்டிக்கொண்டவர். ஜெரமி பிரவுன் பாவம்தான், ஆனால் அவர் மொழி அவருக்குச் சோறு போடும் என்பதில் சந்தேகமே வராது. மோகன் பாரதி கரும்பலகை முன்னால் நிற்கும்போது அவரும் தோற்ற ஆள்தான், மாணவர்களும் திணறுகிறார்கள், இரண்டு பேரும் சமம். பொறியியல் சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும் பையன்கள் எங்கள் ராமநாதபுரத்தில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த ஆசிரியரை உடனே பிடித்துப்போகிறது. வயசுக்காரர்கள் மூலத்தின் பக்கமும் பையன்கள் ரீமேக்கின் பக்கமும் நிற்பதை நான் கவனித்த வரையில், இதுதான் முக்கியமான காரணம்.

அப்புறம் டாம் ஆல்டர். இந்தி தடுமாறும் வெள்ளைக்காரர் சார்லஸ் ஸ்பென்சராக வருகிறார். முசௌரியில் பிறந்து உருதுவைச் சுத்தமாகப் பேசிய மனிதர், தெரிந்த மொழியைத் தெரியாத மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தடுக்கி விழுந்து பேசுவதைப் பாருங்கள். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, அடுத்த சொல் ஆண்பாலா பெண்பாலா என்று கண்ணால் தேடுவார். ராமேசுவரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவரோடு இதைப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை, "நானும் இங்கதான் நிப்பேன்" என்றார். மராத்திக்காரர் விட்டல் பாபுராவ் போட்டேயாக விஜு கோட்டேயும் தலைமை ஆசிரியையாக அவருடைய சொந்த அக்கா சுபா கோட்டேயும் வருகிறார்கள், எந்த நொடியில் சிரிக்க வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

குறையும் உண்டு. தென்னாட்டு மாணவராக வருகிறவரைப் பம்பாய்க்காரர்கள் தங்கள் சினிமாவில் எப்போதும் காட்டும் அதே 'ஐயோ' ராகத்தில் பேச வைத்திருக்கிறார்கள். இந்தத் தொடரை ரசிக்கும் எங்கள் பையன்களே அந்த இடம் வந்தால் ஓட்டிவிடுகிறார்கள். இந்தி தெரியாத தமிழன் சிரிப்புக்குரியவன் என்ற எண்ணத்தை நாம் ரயிலிலும் அலுவலகத்திலும் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது, வீட்டில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டுமா என்று ஒரு அக்கா கேட்டார். அவரிடம் நான் வாதாடவில்லை. சிரிப்பின் வேகத்திலும் மூலம்தான் முன்னால் நிற்கிறது, இந்தியில் சில பகுதிகள் இழுக்கின்றன.

அமெரிக்காவும் 1986-ல் 'வாட் எ கன்ட்ரி' என்று ஒன்று எடுத்தது, குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் வகுப்பு. ஒரு வருஷத்தில் முடிந்துவிட்டது. அதே 1986-ல் பிரிட்டிஷ் மூலத்தையும் தூசு தட்டி 13 பகுதிகள் எடுத்தார்கள். பழைய மாணவர்கள் சிலர்தான் திரும்பி வந்தார்கள், பழைய கலகலப்பு வரவில்லை. இரண்டையும் விட்டுவிடலாம்.

வளைகுடாவிலிருந்து வந்தவர் வீட்டில் இருந்தால் மூலத்தின் முதல் பகுதியிலிருந்து அவரோடு சேர்ந்து பாருங்கள், அவர் சொல்லும் கதைகளும் கூடவே வரும். படிப்பு முடித்து வேலைக்கு அலைகிற தம்பிக்கு மோகன் பாரதியைக் காட்டுங்கள். என் ஆசை வேறு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கும் இறால் பண்ணைக்கும் இந்தக் கரைக்கு வந்திருக்கும் பையன்கள் தமிழ் கற்கிற ஒரு வகுப்பை வைத்து யாராவது தமிழில் இதை எடுக்க வேண்டும். வாத்தியார் கீழக்கரைக்காரராக இருக்கட்டும், தம்மாமில் உடைந்த இந்தி பேசிப் பிழைத்துவிட்டு வந்தவராக. பத்துப் பகுதிக்குள் ஒரு ஒடியாப் பையனாவது வாத்தியாரின் தமிழில் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். அதை மட்டும் எழுதுகிறவர் விட்டுவிடக் கூடாது.