கேத்தல் கல்லுக்குச் சிட்ரிக் அசிட் தூள்: வாங்கலாமா?

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கேக் சாமான் விற்கிற கடைகளில் 100 கிராம் பொலித்தீன் பைகளில் கிடைக்கிற வெள்ளைத் தூளைப் பற்றியது இது. கேத்தல் கழுவவென்றே போத்தலில் வரும் திரவங்கள் பல உண்டு. கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற வீட்டுக்கு அவை தேவையில்லை, இந்தத் தூளே போதும்.

கேத்தல் அடியில் கல்லாகப் படிவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. தண்ணீரில் கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று சூட்டில் உடைய, காபனீரொட்சைட்டு பறந்துபோகும், கல் தங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த தற்காலிக வன்மை, அதாவது கொதிக்க வைத்தால் நீங்கும் வன்மை, இதுதான். லீற்றருக்கு 200 மில்லிகிராம் தற்காலிக வன்மையுள்ள தண்ணீரை நாளொன்றுக்கு 5 லீற்றர் கொதிக்க வைத்தால், மாதம் 30 கிராம் வரை கல் பிரியலாம். அதில் ஒரு பங்கு தேத்தண்ணியோடு வயிற்றுக்குள் போகும், கெடுதலில்லை.

ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சுவிட்சை நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி தூள், ஏறக்குறைய 25 கிராம். கொதித்த கையோடு கொட்டினால் நுரை பொங்கி மூக்கால் வழிந்து, அடித்தட்டின் மின் இணைப்பை நனைத்துவிடும். சர்ரென்று குமிழி எழும்பும், அரைமணி நேரம் விடுங்கள். கல் மிச்சமிருக்கக் குமிழி நின்றால் அமிலம் களைத்துவிட்டது என்று அர்த்தம். 25 கிராம் தூள் கணக்குப்படி 18 கிராம் கல்லுக்குத்தான் காணும், நடைமுறையில் அதற்கும் குறைவு. ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். பலர் விடும் பிழை, தூளைப் போட்ட பிறகு திரும்பவும் கொதிக்க வைப்பது. கல்லும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கல்சியம் சித்திரேற்று சூட்டில் இன்னும் குறைவாகவே கரையும், அரிசிமா போல அடியில் படிந்துவிடும்.

தேசிக்காய்ச் சாறு? அதில் சிட்ரிக் அமிலம் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். 25 கிராமுக்கு அரை லீற்றர் சாறு வேண்டும், இருபது காய்க்கு மேல் பிழிய வேண்டிவரும். வினாகிரி வேலை செய்யும், ஆனால் மணம் மறுநாள் தேத்தண்ணியிலும் நிற்கும்.

தூளால் ஆகாததும் உண்டு. குமிழியே எழாத படிவு கல்சியம் சல்பேற்றாக இருக்கலாம். வாவிக் கரைக் கிணறுகளின் உவர்ப்பையும் இது தொடாது. அலுமினியக் கேத்தலுக்கு வேண்டாம், அமிலம் உலோகத்தையே அரிக்கும். கழுவிய தண்ணீரைச் சீமெந்துத் தரையில் ஊற்றினால் தரையும் பொரியும். கிணற்றுக்குப் போடும் குளோரினோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பொதி செய்த விதம்தான் மோசம். கடற்காற்றில் பையைத் திறந்து வைத்தால் சில நாளில் கட்டியாகிவிடும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் மாற்றி, பெயர் எழுதி ஒட்டுங்கள். பார்வைக்கு அச்சொட்டாகச் சீனி.